திரைவழி ஓவியப் பயிற்சி

கொரோனா பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் தெலங்கானா அரசு, தூர்தர்ஷன் யாதகிரி, டி-சாட் ஆகிய அலைவரிசைகளின் வழியே மாணவர்க்குப் பாடங்களை ஒளிபரப்பியது. கணக்கையும் அறிவியலையும் திரையில் விளக்கிவிடலாம். ஓவியமோ அருகிலிருந்து பழக்கப்படும் கலை. ஐதராபாத்துப் பொதுப்பூங்காவிலுள்ள ஜவகர் பால பவன் போன்ற இடங்களில் சிறுவர் ஒருங்கே அமர்ந்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, வரைந்து பழகுவர். அந்த அருகாமையைத் திரை தருமா?

ஓரளவு தரும். இணையவழி வகுப்பில் ஒளிப்படக்கருவியை மேசைக்கு நேர்மேலே பொருத்துகின்றனர். ஆசிரியரின் முகத்தைவிட அவருடைய கையே மாணவனுக்குத் தெரிய வேண்டும். வகுப்பறையின் கடைசி இருக்கையில் அமர்பவனுக்குக் கிட்டாத காட்சி அது: தூரிகையின் நுனி எவ்வளவு சாய்கிறது என்பதை அவன் அண்மையில் காண்கிறான். விளங்காத இடத்தில் காணொளியை நிறுத்தி மீண்டும் பார்க்கிறான். ஆனால் பென்சிலை இறுகப் பற்றியிருக்கும் அவன் விரல்களை ஆசிரியர் காண்பதில்லை. அதை வீட்டிலுள்ளோரே கவனித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் போதும், பென்சிலை வாங்கித் தாமே வரைந்து கொடுத்தல் தகாது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நாற்பது மாணவர் ஒரே காணொளியைப் பின்பற்றினால் நாற்பது படங்களும் ஒன்றுபோலவே அமையும். கை பழகியிருக்கும், கண் பழகியிராது. 1591இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினாரை, நான்கு மினார்கள், நடுவே ஒரு வளைவு என ஐந்து நிமிடத்தில் வரையக் கற்பித்துவிடலாம். ஆனால் அதன் வளைவுகளுக்கு மேலே நாற்புறமும் கடிகாரங்கள் உள்ளன. அவை 1889இல் பொருத்தப்பட்டவை. நேரில் உற்று நோக்கிய குழந்தை கடிகாரத்தை வரைகிறது. அருகிலுள்ள லாட் பஜாரின் வளையல் அடுக்குகளையும் சேர்க்கிறது. கோடு சற்றுக் கோணினாலும் அப்படம் அக்குழந்தையுடையது.

ஆகவே தேர்ந்த ஆசிரியர் பாதிப் படத்தோடு நிறுத்திவிடுவார். திரையை அணைத்துவிட்டு, ஒரு செம்பை எதிரே வைத்து, தாளைப் பாராமல் செம்பை மட்டும் நோக்கியவாறு அதன் விளிம்பை வரையச் சொல்வார். முதன்முறை படம் நகைப்புக்கிடமாகவே வரும். அது குற்றமன்று, செம்பின் கழுத்து எங்கே குறுகுகிறது என்பதைக் கண் அப்போதுதான் அறிகிறது. மாணவன் அனுப்பும் படத்திற்கு "அழகு" என்று மட்டும் மறுமொழி கூறுவதால் பயனில்லை. "மழை எந்தப் பக்கமிருந்து பெய்கிறது?" என்ற வினாவோ அவனை மீண்டும் சாளரத்தருகே அனுப்பும்.

தெலங்கானாவின் சேரியால் சுருள் ஓவியம் இதற்கு நல்ல துணை. புளியங்கொட்டைப் பசை முதலியன பூசிய துணியில், சிவந்த பின்புலத்தில், கட்டம் கட்டமாகக் கதையை வரைவர். கதை சொல்வோர் அச்சுருளை ஊர்தோறும் கொண்டு சென்று விரித்துக் காட்டுவர். நகாசி ஓவியர் குடும்பங்களில் இக்கலை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. நான்கு தாள்களை நீளவாக்கில் ஒட்டினால் வீட்டிலேயே ஒரு சுருள் அமையும். வரையும் முறையைத் திரை கற்பிக்கட்டும். கதை மட்டும் குழந்தையினுடையதாக இருக்கட்டும். போனாலுத் திருவிழாவாகலாம், சார்மினார் விரைவு வண்டியில் சென்னையிலுள்ள பாட்டி வீட்டிற்குச் சென்ற இரவுமாகலாம். பாட்டி நான்கு தாள்களிலும் அதே பாட்டியாகத் தெரிய வேண்டும். அதற்கு அவருடைய மூக்குத்தியையோ சேலைக்கரையையோ குழந்தை முன்பே உற்று நோக்கியிருத்தல் வேண்டும்.

சொற்பொருள்
அண்மை – அருகு; இடர் – துன்பம்; கோணுதல் – வளைதல்; சாளரம் – சன்னல்

பயிற்சி
1. நாற்பது படங்களும் ஒன்றுபோல் அமைவது ஏன் குறையாகக் கருதப்படுகிறது?
2. 'கை பழகியிருக்கும், கண் பழகியிராது' – இத்தொடரை விளக்குக.
3. உன் வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தாளைப் பாராமல் வரைக. வரையும்போது புதிதாகக் கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.