வேலைக்குப் போய்க்கொண்டே வெள்ளைக் காய்க்குத் தயாராவது

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் இப்போது வேலையில் இருப்பவர்கள். சிலர் அலுவலக அணிக்கு ஆடுகிறார்கள். சிலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கோ பொதுத்துறை நிறுவனத்துக்கோ முயல்கிறார்கள். சிலருக்கு மாலையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பதே வருமானம். எல்லோருக்கும் பொதுவான குறை நேரம். யூடியூபில் பார்த்த ஓப்பனிங் மட்டும் எட்டோ பத்தோ கைவசம் இருக்கும், எல்லாமே அரைகுறையாக. என் யோசனை: வெள்ளைக்கு ஒரே ஒரு முதல் நகர்வை வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி எதை ஆடினாலும் உங்கள் சிப்பாய்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் வந்து நிற்கும்படி ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

"ஆனந்தே மாற்றி மாற்றி ஆடவில்லையா?" என்று கேட்பார்கள். ஆடினார். 2008-ல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடியபோது, அதுவரை பெரும்பாலும் இ4 ஆடிவந்தவர் டி4-க்கு மாறினார். ஆறாவது ஆட்டத்தில் வெள்ளைக் காயோடு வென்றார். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பதினோராவது ஆட்டத்தில் மறுபடி இ4 ஆடி, டிரா செய்து, 6.5-4.5 என்று முடித்தார். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது. நீல்சன், காசிம்ஜானோவ், சூர்யசேகர் கங்குலி, வோய்டாஷெக் என்று ஒரு குழுவே இருந்தது. ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் வீடு திரும்புகிறவருக்கு அந்த வசதி ஏது?

சரி, எதை ஆடுவது? நான் சொல்வது இ4. எதிராளி இ5 ஆடினால் இத்தாலியன், அதிலும் சி3, டி3 என்று நிதானமாகப் போகும் வழி. சிசிலியனுக்கு இரண்டாவது நகர்விலேயே சி3, அதாவது அலபின். பிரெஞ்சுக்கும் காரோ-கானுக்கும் மூன்றாவது நகர்வில் இ5 என்று சிப்பாயை முன்னே தள்ளிவிடுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் சி3 சிப்பாய் டி4-க்குத் தாங்கலாக நிற்பதைக் கவனியுங்கள். அலபினில் கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் இ5 என்று அதை விரட்டி, அடுத்து டி4 ஆடுகிறோம். பிரெஞ்சில் பார்த்த அதே டி4, இ5 ஜோடி அங்கேயும் வந்துவிடும். ஓரிடத்தில் கற்ற திட்டம் மூன்று இடங்களில் உதவும். வித்தியாசங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சில் கறுப்பின் வெள்ளைக்கட்ட பிஷப் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். காரோ-கானில் அது முதலிலேயே எஃப்5-க்கு வெளியே வந்துவிடும். அலபினில் கறுப்பு டி5 ஆடி, ராணியால் திருப்பி வெட்டினால், அந்த ராணியைக் குதிரையால் விரட்ட நமக்கு சி3 கட்டம் காலியாக இருக்காது. இந்த வழியின் விலை அது. ஸ்காண்டிநேவியன், பிர்க் போன்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும்.

இத்தாலியனில் ஒரு நகர்வை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கோட்டை கட்டிவிட்டோம், யானை இ1-க்கு வந்துவிட்டது, கறுப்பின் பிஷப் சி5-லோ ஏ7-லோ இருக்கிறது. இப்போது பலர் பி1 குதிரையை அவசரமாக டி2-க்கு எடுப்பார்கள். அதற்கு முன் ஹெச்3 ஏன்? யானை எஃப்1-ஐ விட்டுப் போனதும் எஃப்2 சிப்பாய்க்கு ராஜா மட்டுமே காவல். கறுப்புக் குதிரை ஜி4-க்கு வந்தால் பிஷப்பும் குதிரையும் சேர்ந்து அதே கட்டத்தைக் குறிவைக்கும். யானை இ2-க்கு ஏறி ஒட்டுப்போட வேண்டிவரும். ஹெச்3 ஆடிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பிறகு குதிரை டி2, எஃப்1, ஜி3 என்று சாவகாசமாகச் சுற்றிவரும். கடைசியில் டி4. இந்தக் காரணம் தெரிந்தவருக்கு வரிசை மறக்காது. எதிராளி வரிசையை மாற்றினாலும் தடுமாற மாட்டார்.

படிக்கும் முறையும் இதை ஒட்டியே இருக்கட்டும். லிசெஸில் ஸ்டடி வசதி இலவசம். ஒவ்வொரு கிளையிலும் ஏழெட்டு நகர்வு போட்டு, முக்கியமான நகர்வுக்குக் கீழே ஒரே வரியில், தமிழிலேயே, "ஏன்" என்று எழுதுங்கள். ஹார்பர் லைனில் உட்கார இடம் கிடைத்த நாளில் போனில் அதைப் புரட்டலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது சுருட்டும் போர்டை விரித்து நிஜக் காய்களை நகர்த்துங்கள். போட்டி நடப்பது போர்டில்தான். இன்ஜினைக் கடைசியில் திறந்தால் போதும். குகேஷைக் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இன்ஜின் பக்கம் போகவிடவில்லை. நிலையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் பழக்கம் முதலில் வரட்டும் என்பது அவர் எண்ணம்.

அதேபோல, செஸ்ஸுக்கென்று ஒதுக்கும் நேரத்தில் ஓப்பனிங்குக்குக் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அந்த அளவிலிருந்து 1700 வரை பெரும்பாலான ஆட்டங்கள் நடு ஆட்டத்தில், ஒரு காயைச் சும்மா விட்டுக்கொடுப்பதில்தான் முடிகின்றன. மீதி நேரம் புதிர்களுக்கும் எண்ட்கேமுக்கும்.

வேலைக்கு இதனால் என்ன லாபம்? ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புகள் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் நீங்கள் பெற்ற இடத்தையும் அதற்கான சான்றிதழையும். அந்தப் போட்டிகளில் நாளுக்கு இரண்டு நீண்ட ஆட்டம் வரும்போது, முதல் பத்து நகர்வில் கடிகாரத்தையும் மூளையையும் மிச்சப்படுத்துகிறவருக்கு மாலை ஆட்டத்தில் தெம்பு இருக்கும். கோச்சாக இருந்தால் பலன் இன்னும் நேரடியானது. செம்பூரில் ஒரு ஃபிளாட்டில் எட்டு வயதுப் பிள்ளை "ஹெச்3 எதுக்கு, அண்ணா?" என்று கேட்கும்போது போர்டில் குதிரையை ஜி4-ல் வைத்துக் காட்ட முடிகிறவரைத்தான் பெற்றோர் அடுத்த மாதமும் கூப்பிடுவார்கள். 2008-ல் வேலையை விட்டு முழுநேரப் பயிற்சியாளரான ஆர். பி. ரமேஷைப் போல எல்லோராலும் துணிய முடியாது. மாலை வகுப்பிலிருந்து தொடங்கலாம்.

தோற்றதும் ஓப்பனிங்கை மாற்றாதீர்கள். எந்த நகர்வில் உங்கள் குறிப்பைத் தாண்டினீர்கள் என்று அன்று இரவே பாருங்கள். அந்த இடத்தில் ஒரு நகர்வும் ஒரு வரிக் காரணமும் சேர்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். ஒரு சீசன் முழுக்க ஆடியும் அந்த நிலைகள் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்போது டி4 பற்றிப் பேசலாம்.