‘கீ’யும் கயிற்ஸும்

கேள்வி: துறைமேடையைக் குறிக்கும் ‘கீ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான ‘கயிற்ஸ்’ என்பதற்கும் உறவு உண்டா? (வாசகர், கரம்பொன்)

பதில்: கரையை ஒட்டிக் கட்டப்பட்டு, கப்பல் பக்கவாட்டில் அணையும் கல்மேடையே ‘கீ’. ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு தந்த சொல் இது. எழுத்து பிற்காலப் பிரெஞ்சைப் பின்பற்றி ‘கியூ’வில் தொடங்க, ஒலி மட்டும் சாவியின் ‘கீ’யாகவே நின்றுவிட்டது, படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. போர்த்துக்கேயத்தில் இதன் உறவு ‘கைஸ்’. ஊர்காவற்றுறையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றிய போர்த்துக்கேயர் வழங்கிய அச்சொல்லே ‘கயிற்ஸ்’ எனத் திரிந்தது என்பர். ‘ஜெட்டி’ வேறு, குறிகட்டுவானில் உள்ளதுபோலக் கடலுக்குள் நீளுவது. ‘வார்ஃப்’ என்றால் சரக்கு ஏற்றி இறக்குமிடம். புளோரிடாவின் ‘கீ வெஸ்ட்’ இக்குடும்பமன்று. அந்தக் ‘கீ’, சிறுதீவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் வழிவந்தது.