முதல் ஓட்டுப் போடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வாக்காளர் அட்டை கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். "நிற்கிறவர்களில் ஒருத்தர் நம்ம மதம். நம்ம ஆளுக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன அண்ணா சொல்கிறீர்கள்?"

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மதத்தைப் பார்த்து ஓட்டுப் போடாதே. நம் மதம் என்பதற்காக ஒருவருக்குப் போடவும் வேண்டாம், வேற்று மதம் என்பதற்காக ஒருவரைத் தள்ளவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களோடு சண்டைக்குப் போகாதே. ஆனால் ஓட்டு உன்னுடையது, யோசித்துப் போட வேண்டியவனும் நீதான்.

நம் ஊர்த் தேர்தல் எதையாவது எடுத்துக் காட்டினால், சொல்லி முடிப்பதற்குள் உன் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். என் மனமும்தான். அதனால் நமக்குப் பாசமும் பகையும் இல்லாத ஊர் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். இந்தோனேசியாவின் ஜகார்த்தா.

அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுகிறவர் அல்ல. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், நகர நிர்வாகம் முழுவதும் அவர் கையில். 2014 இறுதியில் அந்தப் பதவிக்கு வந்தவர் பாசுகி சஹாயா பூர்ணாமா. அஹோக் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சீன வம்சாவளியினர், கிறிஸ்தவர். ஜகார்த்தாவிலோ பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முஸ்லிம்கள். 2012 தேர்தலில் ஜோகோ விடோடோவோடு சேர்ந்து துணை ஆளுநராக வென்றவர், விடோடோ நாட்டின் அதிபரானதும் ஆளுநரானார்.

வேலைக்காரர் என்று பெயர் எடுத்தார். குப்பை அடைத்துக் கிடந்த வாய்க்கால்களையும் ஆறுகளையும் அள்ளிச் சுத்தம் செய்ய ஆரஞ்சு உடுப்புப் பணியாளர்களை இறக்கினார். அதிகாரிகளோடு நடக்கும் கூட்டங்களைப் பதிவு செய்து யூடியூபில் போட்டார். 2015இல், பட்ஜெட்டுக்குள் கோடிக்கணக்கில் கள்ளச் செலவுகள் செருகப்பட்டிருக்கின்றன என்று சொல்லி நகர சபையோடு மோதினார். இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் 2015இல் கம்போங் புலோவிலும் 2016இல் புக்கிட் டூரியிலும் ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழ்ந்த ஏழைகளின் வீடுகளை இடித்தார். கடலைத் தூர்த்துத் தீவுகள் எழுப்பும் திட்டத்துக்குத் துணை நின்றதால் மீனவர்களின் கோபத்துக்கும் ஆளானார். நாக்கும் கடுமையான நாக்கு.

ஆக, அவருக்கு ஓட்டுப் போடவும் காரணம் இருந்தது, போடாமல் இருக்கவும் காரணம் இருந்தது. தேர்தல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

2016 செப்டம்பரில் ஆயிரம் தீவுகள் பகுதிக்குப் போனவர், அங்குள்ள மக்களிடம் பேசும்போது, குர்ஆன் வசனம் ஒன்றைக் காட்டி எனக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று உங்களை ஏய்க்கிறார்கள் என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு வெட்டப்பட்ட காணொளியாகப் பரவியது. மதத்தை நிந்தித்தார் என்று வழக்கு வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி நகரின் நடுவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இறந்தால் இறுதித் தொழுகை நடத்த மாட்டோம் என்று சில பள்ளிவாசல்களில் பேனர் தொங்கியது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் சுற்றில் சுமார் 43 சதவீதம் வாங்கி முன்னால் நின்றவர், ஏப்ரல் 19ஆம் தேதி இரண்டாம் சுற்றில் 42க்கு 58 என்று அனீஸ் பஸ்வேதனிடம் தோற்றார். மே 9ஆம் தேதி இரண்டாண்டுச் சிறைத் தண்டனை.

இதில் என்னை விடாமல் அரிப்பது எது தெரியுமா? அவர் தோற்றது அல்ல. அவருடைய நிர்வாகம் திருப்தியாக இருக்கிறது என்று கருத்துக்கணிப்புகளில் சொன்னவர்கள் பெரும்பான்மையோர். திருப்தி என்று சொன்னவர்களிலேயே பலர் அவருக்குப் போடவில்லை. மறுபக்கம், வீடு இடிபட்டவனுக்கு அவரைத் தோற்கடிக்க முழு நியாயம் இருந்தது. அவனும் எதிராகத்தான் போட்டான். இரண்டு ஓட்டும் ஒரே பெட்டியில் ஒரே குவியலாக விழுந்தன. அந்த 58 சதவீதத்தில் எவ்வளவு இடிந்த வீடுகளின் கோபம், எவ்வளவு மதத்தின் பேரில் வந்த வெறுப்பு? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆற்றங்கரை ஏழையின் நியாயமான குரல் கூச்சலில் கரைந்துபோனது.

நான் சொல்ல வந்தது இதுதான், தம்பி. ஓட்டு என்பது ஆளப்போகிறவருக்கு நீ இடும் கட்டளை. தண்ணீர் கொடு, பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் போடு, வீட்டை இடிக்காதே, லஞ்சம் வாங்காதே. ஐந்து வருடம் கழித்துச் செய்தாயா என்று கேட்கலாம். மதத்துக்காகப் போட்ட ஓட்டில் கட்டளை எதுவுமே இல்லை. வென்றவர் ஐந்து வருடம் கழித்து வந்து நிற்கும்போது அவரிடம் எதைக் கேட்பாய்? நம் மதத்தில்தானே இன்னும் இருக்கிறாய் என்றா? இருக்கிறேன் என்பார். கணக்கு முடிந்துவிடும். நம்ம ஆள் என்று போட்டவனுக்குத்தான் முதலில் நட்டம்.

இதைக் கேட்டு முஸ்லிம்கள் இப்படித்தான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. இதே அஹோக்கை 2005இல் கிழக்கு பெலிதுங் மாவட்டத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பான்மையும் முஸ்லிம் வாக்காளர்கள். 2007இல் அவர் அந்த மாவட்டம் உள்ள மாகாணத்தின் ஆளுநர் பதவிக்கு நின்றபோது அவருக்காகப் பிரசாரம் செய்தவர் அப்துர்ரஹ்மான் வாஹித். முன்னாள் அதிபர், பெரிய மார்க்க அறிஞர். மதம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதை ஆயுதமாக எடுக்கிறவன் வரும்போதுதான் ஊர் மாறுகிறது.

"அப்படியானால் வேட்பாளரின் நம்பிக்கையைப் பற்றி எதுவுமே கேட்கக் கூடாதா?" என்பாய். கேட்கலாம். அமெரிக்காவில் 1928இல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் அதிபர் தேர்தலில் நின்றபோது, போப்பாண்டவர்தான் நாட்டை ஆள்வார் என்று பயமுறுத்தினார்கள். அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1960இல் ஜான் கென்னடி நின்றபோதும் அதே பேச்சு. அவர் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. செப்டம்பர் 12ஆம் தேதி ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்ட் போதகர்களின் சபைக்கே போய் நின்று பதில் சொன்னார். பொது விவகாரங்களில் திருச்சபையின் உத்தரவுப்படி நடக்க மாட்டேன், சமயப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கொடுப்பதை ஆதரிக்க மாட்டேன், என் மனசாட்சிக்கும் நாட்டின் நலனுக்கும் முரண்பாடு வந்தால் பதவியை விட்டு இறங்குவேன் என்றார். அந்த வருடம் மயிரிழையில் வென்றார்.

கத்தோலிக்கர் ஆகாது என்றவர்கள் செய்தது அநியாயம். அரசுப் பணத்தை யாருக்குக் கொடுப்பீர்கள், எவருடைய சொல் கேட்டு முடிவெடுப்பீர்கள் என்று கேட்டவர்கள் செய்தது நியாயம். இந்தக் கேள்விகளைப் பக்தரிடமும் நாத்திகரிடமும், நம் மதத்தவரிடமும் பிற மதத்தவரிடமும் ஒன்றுபோலக் கேட்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது கேள்வி அல்ல, அவமானம்.

இன்னொன்று, எனக்கே கடினமாகத் தோன்றுவது. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் தங்களில் ஒருவர் சட்டமன்றத்தில் உட்கார வேண்டும் என்று விரும்புவதும் தப்பா? அதைப் பெரும்பான்மையின் ஆணவத்தோடு சமமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. தன் தெருவில் வீடு வாடகைக்குக் கிடைக்காதவன், அந்த வலி தெரிந்த ஒருவரைத் தேடத்தான் செய்வான். ஆனால் அவனுக்கும் நான் சொல்வது, அந்த வலிக்காக அவர் என்ன செய்தார், என்ன செய்வார் என்று கேள் என்பதுதான். நம் நாட்டில் இதைச் செய்து பார்த்ததும் உண்டு. 1909இல் ஆங்கிலேயர் முஸ்லிம்களுக்கென்று தனி வாக்காளர் தொகுதி கொடுத்தார்கள். அவரவர் மதத்தாரே அவரவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது. விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபை அதை வேண்டாம் என்று ஒதுக்கியது. எல்லோருடைய ஓட்டையும் எல்லோரும் கேட்டு வர வேண்டும் என்று நம் முன்னோர் முடிவு செய்தார்கள். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதிகளில் மதம் சட்டப்படியே உள்ளே வருகிறது. இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

நம் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவு. மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது தேர்தல் முறைகேடு. இன்னாருக்குப் போட்டால் தெய்வக் குற்றம் என்று வாக்காளரை அச்சுறுத்துவதும் அதே பிரிவின்படி முறைகேடுதான். ஜகார்த்தாவின் அந்தப் பேனர்களை நினைத்துக்கொள். 1987இல் மும்பை வில்லே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்டதற்காக, ரமேஷ் பிரபுவின் வெற்றி செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 1995இல் உறுதி செய்தது. அவருக்காகப் பேசிய சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் ஓட்டுரிமையே ஆறு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. 2017 ஜனவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்றின் ஏழு நீதிபதிகளில் நால்வர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் தவறு என்றார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் குறையை மேடையில் பேசுவதற்கு இது தடையாகிவிடும் என்று மற்ற மூவர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தச் சட்டம் எல்லாம் கேட்கிறவனுக்குத்தான். போடுகிறவனை எந்தச் சட்டமும் தொட முடியாது. மறைப்புக்குப் பின்னால் பொத்தானை அழுத்தும்போது உன் மனசாட்சியைத் தவிர உன்னைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேட்புமனுத் தாக்கல் தொடங்கியதும் ஒரு வேலை செய். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிலுவையில் உள்ள வழக்குகள், பெற்ற தண்டனை, சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். மதத்துக்கென்று ஒரு கட்டம் கிடையாது. உன் தொகுதியில் நிற்கிற எல்லோருடையதையும் படி, வீட்டில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டு. தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது உனக்குத் தேவையான ஒன்றை அவர்களிடம் நேருக்கு நேர் கேள். யாருக்குப் போட்டாய் என்று மட்டும் எவரிடமும் சொல்லாதே, என்னிடமும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்