ஈறு காட்டும் குறி

சொத்தைப் பல் வலி மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கும்; உடையவரும் மருத்துவரை நாடுவர். ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. ஆதலின் அதனை வீட்டிலேயே அவ்வப்போது தேடிக் காணுதல் வேண்டும்.

நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியின் முன் நின்று, உதட்டை விலக்கி நோக்குக. நலமுள்ள ஈறு பல்லை இறுகப் பற்றி நிற்கும். சிலருடைய ஈறுகளில் இயல்பாகவே கருநிறம் படர்ந்திருக்கும், அது நோயன்று. நோயுற்ற ஈறு சிவந்து தடித்துக் காணும். பல் துலக்குங்கால் குருதி கசியும். பலர் குருதியைக் கண்டு அஞ்சி அவ்விடத்தைத் துலக்காது விட்டுவிடுகின்றனர். நோய் முற்றுவதற்கு இதுவே வழியாகிறது.

டென்மார்க் நாட்டில் ஹரால்டு லோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் செய்த ஆராய்ச்சி 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நலமுள்ள ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்தது.

எனினும், குருதி வாராமை மட்டும் நலத்திற்குச் சான்றாகாது. புகை பிடிப்போரின் ஈறுகளில் குருதிக் கசிவு குறைவு. நோய் உள்ளே மறைந்தே வளரும். பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள பிளவு 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் ஐயுறுதல் வேண்டும். அவ்வாழம் கண்ணாடியில் தெரியாது. பல் மருத்துவர் அளவு பொறித்த மெல்லிய கருவியைச் செலுத்தியே அதனை அறிவர்.