முழங்கால் சில்லு முறிந்தால்...

மண்டியிடுகிறோம், சம்மணமிட்டு உண்கிறோம், படியேறுகிறோம். இவற்றுக்கெல்லாம் உதவும் முழங்கால் சில்லை, அது உடையும்வரை நாம் நினைப்பதே இல்லை. 1991-இல் அறிவொளி இயக்கத்தின்போது நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இன்று நம்மில் பலர் சைக்கிளில்தான் பள்ளிக்கு வருகிறோம். விழுந்து முட்டியில் அடிபடுவது நமக்குப் புதிதன்று. எனவே இதைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

கிணற்றுக் கப்பியின்மேல் கயிறு ஓடுவதைப் போல, தொடையின் முன்தசை இச்சில்லின் வழியாகவே கீழ்க்காலை இழுத்து நீட்டுகிறது. நீட்டிய காலை மடக்காமல் உயர்த்த முடியவில்லை என்றால், சில்லு உடைந்து விலகியிருக்கலாம். உயர்த்த முடிந்தாலும் முறிவு இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. வீங்கிய முட்டியில் எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. காலை நீட்டியபடியே பலகை வைத்துக் கட்டி, மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். 2017 முதல் நம் நகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

சிகிச்சை மூவகைப்படும். எலும்பு விலகாமல் கீறல் மட்டும் இருந்தால், காலை நீட்டி 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டுப் போட்டால் போதும். விலகியிருந்தால் அறுவை சிகிச்சை தேவை. இரண்டு எஃகுக் கம்பிகளைச் செருகி, மேலே மெல்லிய கம்பியை 8 வடிவில் முறுக்குவார்கள். முழங்கால் மடங்கும்போது துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். நொறுங்கியிருந்தால் சேர்க்க முடியாத துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, தசைநாணை மீதி எலும்போடு தைப்பார்கள். சில்லே தேவையில்லை என்று 1937-இல் இங்கிலாந்து மருத்துவர் ரால்ப் புரூக் எழுதினார். ஆனால் அதை முழுவதும் அகற்றினால் காலை நீட்டும் வலிமை குறைகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

எலும்பு கூடுவது வேறு, கால் குணமாவது வேறு. கட்டுக்குள் தொடைத்தசை விரைவில் மெலிந்துவிடும். எனவே மருத்துவர் கூறும் நாளில் பயிற்சி தொடங்க வேண்டும். முதலில் தொடையை இறுக்கி முழங்காலைப் படுக்கையில் அழுத்துதல், அடுத்து நீட்டிய காலை உயர்த்துதல், பிறகு சிறிது சிறிதாக மடக்குதல். மண்டியிடவும் குந்தி அமரவும் பல மாதங்கள் ஆகலாம்.

வலிக்கு அஞ்சியோ, வீட்டு வேலை காத்திருக்கிறதே என்றோ, பயிற்சியை விட்டுவிடும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு முழங்கால் விறைத்தே போகலாம். நம் வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இந்நிலை வந்தால், அடுப்படி வேலையை நாம் ஏற்போம். அருகில் அமர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். மருந்தைப் போலவே இதுவும் சிகிச்சைதான்.