வெயிலில் கறுக்கும் கண்ணாடி: சொல்வதும் உள்ளதும்

மட்டக்களப்புப் பகுதியின் கிரான் சந்தியிலிருந்து புலிபாய்ந்தகல் பக்கம் இறங்கும் வீதியில் காலையிலேயே சைக்கிள்கள் ஓடத் தொடங்கிவிடும். வயலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிறவர், மாடு பார்க்கப் போகிறவர் எல்லோருக்கும் அதே வழி. நாற்பது வயது தாண்டியவர்களில் பலர் பவர் கண்ணாடிக்காரர்கள். பவர் கண்ணாடி போட்டால் வெயில் கூசும். கூலிங் கிளாஸ் போட்டால் குழி தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்குத்தான் ‘வெயிலில் தானாகக் கறுத்து, நிழலில் தானாகத் தெளியும்’ போட்டோகுரோமிக் கண்ணாடி ஆசை காட்டுகிறது. நல்ல பொருள்தான். ஆனால் அதைப் பற்றி ஊரில் உலவும் பேச்சில் பாதி விளம்பரம், மீதி ஊகம்.

“வெயில் ஏற ஏறக் கண்ணாடியும் கறுக்கும்” என்பது முதல் நம்பிக்கை. இந்த ஊரில்தான் அது அதிகம் பொய்க்கிறது. வில்லையைக் கறுக்க வைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அல்ல, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் உருவாக்கிய முதல் வில்லைகள் கண்ணாடியால் ஆனவை. வெள்ளி உப்புத் துகள்கள் அவற்றைக் கறுக்க வைத்தன. 1990களில் பரவிய பிளாஸ்டிக் வில்லைகளில் அந்த வேலையைச் செய்பவை கரிமச் சாய மூலக்கூறுகள். புற ஊதாக் கதிர் பட்டால் அவை விரிந்து நிறம் காட்டும்; வெப்பம் அவற்றைத் திரும்ப மூடிவிடும். அதாவது வெயில் ஒரு கையால் கறுப்பைப் பூசுகிறது, மறு கையால் அழிக்கிறது. தரச் சோதனைகளில் அடிப்படையாக எடுக்கும் வெப்பநிலை 23 பாகை செல்சியஸ். கிரானில் அந்தக் குளிர் மார்கழி மழையின் விடியற்காலையில் கிடைத்தால் உண்டு. கச்சான் காற்று வீசும் ஆடி மாத நண்பகலில், விளம்பரப் படத்தில் கன்னங்கரேலென்று தெரிந்த அதே வில்லை நடுத்தரக் கறுப்போடு நின்றுவிடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அது அந்த வேதியியலின் குணம்.

ஐயம் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம். வில்லையின் பாதியில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி, இரண்டு நிமிடம் வெயிலில் விட்டு எடுத்தால், மூடிய இடம் மட்டும் வெளுத்து, கடதாசியின் ஓரம் கோடு போட்டதுபோலத் தெரியும். பிறகு கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் சற்று வைத்துத் துடைத்து மறுபடி வெயிலில் காட்டினால் முன்பைவிட நன்றாகக் கறுத்திருக்கும். (சுடுநீர் வேண்டாம், மேற்பூச்சு கெட்டுவிடும்.)

இந்தக் குறையோடு ஒட்டிய ஒரு நன்மையை யாரும் சொல்வதில்லை. குளிர் நாட்டில் வில்லை ஆழமாகக் கறுக்கும், ஆனால் தெளியப் பல நிமிடங்கள் எடுக்கும். இங்கே வெப்பம் அதை விரைவாகத் தெளிய வைக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நிமிடத்தில் 330 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். வெட்டவெளியிலிருந்து திடீரென மர நிழலுக்குள் நுழைகிறவருக்கு அந்த ஒரு நிமிடம் சின்ன விடயமல்ல.

அடுத்தது, “காலையும் மாலையும் முகத்தில் அடிக்கும் வெயிலுக்கு இதுதான் மருந்து” என்பது. இல்லை. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் வருகின்றன. அவற்றின் புற ஊதாப் பகுதி வழியிலேயே பெரும்பாலும் குறைந்துவிடும். கண் கூசும், வில்லையோ வெளுப்பாகவே இருக்கும். மாலையில் மேற்கே பார்த்து மிதிக்கிறவருக்கு முன்பக்கம் நீண்ட தொப்பி செய்கிற உதவியை இந்தக் கண்ணாடி செய்யாது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னாலும், முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள்ளும் இதே கதைதான். புற ஊதாக் கதிரை அவை தடுத்துவிடுகின்றன. மேகமூட்டமான நண்பகலில் மட்டும் வில்லை எதிர்பாராமல் கறுக்கும், ஏனெனில் மெல்லிய மேகத்தை அந்தக் கதிர் ஊடுருவும்.

“எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு” என்று நம்பித்தான் பலர் சந்தையில் மலிவுக் கூலிங் கிளாஸ் வாங்குகிறார்கள். கறுப்பு என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் நிறம், அவ்வளவே. புற ஊதாக் கதிரைத் தடுப்பது வில்லையின் பொருளும் அதன் பூச்சும். நல்ல போட்டோகுரோமிக் வில்லை வெளுத்திருக்கும்போதும் அந்தக் கதிரை முழுதாகத் தடுக்கும். ‘யூவி 400’ என்ற குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். இது ஆடம்பரப் பேச்சல்ல. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மட்டக்களப்புப் பகுதியில் சூரியன் உச்சிக்கு நேராக வரும். வெயில், தூசி, காற்று மூன்றிலும் ஆண்டுக்கணக்காக உழைக்கிறவர்களின் கண்ணில் வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வது வெப்ப நாடுகளில் பரவலான நோய்.

இரவு விடயத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். இருட்டில் இந்த வில்லை ஏறத்தாழச் சாதாரண வில்லைபோல் தெளிந்துவிடும். ஆனால் சில ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு சாயம் களைத்து, லேசான மஞ்சள் தங்கிவிடலாம்; கறுப்பதும் குறையும். “மஞ்சள் கண்ணாடி போட்டால் இரவில் நன்றாகத் தெரியும்” என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எதிர்வரும் விளக்கின் கூச்சத்தில் பாதசாரியைக் கண்டுபிடிக்க மஞ்சள் வில்லை உதவவில்லை என்று அமெரிக்காவின் ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திருகோணமலை வீதியில் இருட்டிய பிறகு படுத்துக்கிடக்கும் கட்டாக்காலி மாட்டைக் காண, வெளிச்சத்தை மறைக்காத வெள்ளை வில்லையும் நல்ல முன்விளக்கும்தான் வேண்டும்.

வாவியின் மினுமினுப்புக்கும் நனைந்த தார் வீதியின் பளபளப்புக்கும் ‘போலரைஸ்ட்’ வில்லை வேறு. அது தட்டையான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வடிகட்டும். இதையும் போட்டோகுரோமிக்கையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

“பந்தய வீரர்கள் போடுகிற வளைந்த பிரேம்தான் சைக்கிளுக்கு ஏற்றது” என்பதிலும் பாதிதான் உண்மை. அது தூசியையும் அந்திப் பூச்சியையும் பக்கவாட்டில் தடுக்கும். ஆனால் பவர் அதிகமானால் வளைந்த வில்லையின் ஓரங்களில் காட்சி கோணும். அந்தப் பிரேமின் சாய்வுக்கும் வளைவுக்கும் கணக்குப் பார்த்து வெட்டாவிட்டால் தலை சுற்றும். பவர் கூடியவருக்கு, முகத்தோடு நெருங்கி நிற்கும் மிதமான வளைவுள்ள பிரேமே நல்லது. இன்னொன்று: பந்தயச் சைக்கிளில் குனிந்து போகிறவர் வில்லையின் மேல்விளிம்பு வழியே வீதியைப் பார்க்கிறார். லுமாலா போன்ற சாதாரணச் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்கிறவருக்குச் சில்லுக்கு முன்னால் உள்ள குழி கீழ்ப்பகுதி வழியே தெரிய வேண்டும். அங்கே வாசிப்புப் பவர் உள்ள இரட்டைக் கண்ணாடி என்றால் குழி மங்கும். சைக்கிளுக்குத் தூரப் பார்வைப் பவர் மட்டும் போட்ட தனிக் கண்ணாடி அந்தத் தொல்லையைத் தீர்க்கும்.

“போட்டோகுரோமிக் போட்டால் பவர் ஏறும்” என்பதற்கு ஒரு சொல் போதும்: ஏறாது.

ஆக, எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது கிரானுக்குச் சரிவராது. விழுந்தாலும் கல் பட்டாலும் எளிதில் சிதறாத பொலிகார்பனேட் வில்லையா, மூக்கில் வழுக்காமல் நிற்கிறதா, அறைக்குள் உண்மையாகவே வெளுக்கிறதா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. காலையில் போய் இருட்டித் திரும்புகிறவருக்குப் போட்டோகுரோமிக் கொடுத்த காசுக்குப் பயன்படும். நண்பகல் வெயிலில் மட்டுமே ஓடுகிறவர், நிரந்தரமாகச் சாயம் ஏற்றிய பவர் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு, பழைய வெள்ளைக் கண்ணாடியை இரவுக்கு வைத்துக்கொள்வது மேல். எதை வாங்கினாலும் பழைய துண்டில் உள்ள பவரைக் கொண்டு வெட்டக் கொடுக்காமல், கண்ணைப் புதிதாகப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், சீனி கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்தே பரிசோதிக்க வேண்டும். சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்து மாறும்.