ராத்திரியோடு ராத்திரியாக ஒரு விமான நிலையம்



போன மாசம் குடிமையியல் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் நடந்தது. அப்போ டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஒரு நகரத்து மேயர் நினைச்சா எதை வேணும்னாலும் இடிச்சிடலாமா?" நாங்க எல்லாரும் ஒரே குரலில் "முடியாது டீச்சர்" என்று கத்தினோம். டீச்சர் சிரிச்சுட்டு, "அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஒரு விமான நிலையம் இருந்துச்சு. அதைப் பத்திப் படிச்சுட்டு வந்து சுவர்ப் பத்திரிகையில் எழுது" என்று என்னிடம் சொன்னாங்க. படிச்சேன். ரெண்டு நாளா அதே நினைப்புதான்.

விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கம் மாதிரி பெரிசா நினைக்காதீங்க. இது சின்னது. ஒரே ஒரு ஓடுதளம். நீளம் சுமார் 3,900 அடி, அதாவது கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் எல்லாம் இங்கே இறங்க முடியாது. நாலு பேர், ஆறு பேர் உட்காரும் சின்ன விமானங்களுக்குத்தான் இப்படிப்பட்ட நிலையங்கள். சொந்த விமானம் வைத்திருப்பவர்கள், ஓட்டப் பழகுபவர்கள், அவசரமாக நோயாளியைக் கொண்டு போகிறவர்கள், வியாபார வேலையாக ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் என்று பலரும் இவற்றைப் பயன்படுத்துவார்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

மெய்க்ஸின் விசேஷம் அதன் இடம். மிச்சிகன் ஏரிக்குள் மண் கொட்டி உண்டாக்கிய நார்தர்லி ஐலண்டு என்ற 91 ஏக்கர் நிலத்தில் அது இருந்தது. பக்கத்திலேயே கோளரங்கம். எதிரே சிகாகோவின் உயரமான கட்டடங்கள். 1948 டிசம்பரில் திறந்தார்கள். ஊருக்கு நடுவில் ஒரு விமான நிலையம் வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த மெரில் மெய்க்ஸ் என்ற பத்திரிகை அதிபரின் பெயரைப் பிறகு வைத்தார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்துக்குத் தலைநகரம் சிகாகோ இல்லை, ஸ்பிரிங்ஃபீல்டு. (இதை நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன்.) அதனால் மாநில அரசு ஆட்களும் இங்கிருந்துதான் தலைநகரத்துக்குப் பறந்து போய் வருவார்கள். இன்னொரு விஷயம் கேளுங்க. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மைக்ரோசாப்ட் விளையாட்டு ஒன்று இருக்கிறது இல்லையா, அதில் முன்பு பல வருஷமாக முதலில் கிளம்பும் இடமாக இருந்ததே மெய்க்ஸ்தான். சிகாகோவையே பார்க்காத எத்தனையோ பேருக்கு அந்த ஓடுதளம் மனப்பாடம்.

சண்டை எப்படி வந்தது? நிலம் நகரத்தின் பூங்காத் துறைக்குச் சொந்தம். விமான நிலையத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். 1996-ல் குத்தகை முடிந்தது. அப்போது மேயராக இருந்தவர் ரிச்சர்ட் டேலி. அவர் அங்கே பூங்கா வேண்டும் என்றார். மூடியும் விட்டார்.

இதுவரைக்கும் படித்தபோது நான் மேயர் பக்கம்தான் இருந்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன். ஏரிக்கரையில் 91 ஏக்கர்! விமானம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பூங்கா என்றால் விமானமே இல்லாத பிள்ளைகளும் போய் விளையாடலாமே. அந்த இடத்தைப் பூங்காவாக்கும் யோசனையும் புதுசு இல்லை. 1909-ல் டேனியல் பர்னாம் போட்ட சிகாகோ நகரத் திட்டத்திலேயே ஏரிக்கரையில் பூங்காத் தீவுகள் இருந்தன.

ஆனால் விமானம் ஓட்டுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 'மெய்க்ஸ் ஃபீல்டின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் சேர்த்தார்கள். மாநில சட்டமன்ற உறுப்பினர்களிடம் போனார்கள். மக்களிடம் பேசினார்கள். "எங்களுக்கு வேணும்" என்று மட்டும் கத்தாமல், பூங்காவும் இருக்கட்டும் ஓடுதளமும் இருக்கட்டும், இரண்டும் ஒரே நிலத்தில் இருக்க முடியும் என்று திட்டமும் போட்டுக் காட்டினார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. எதிராளி கேட்பதையும் சேர்த்துத் திட்டம் போடுவது லேசான வேலை இல்லை. மாநில அரசும் தலையிட்டது. 1997 பிப்ரவரியில் நிலையம் மறுபடி திறந்தது, ஐந்து வருஷத்துக்கு.

அப்புறம் 2001 டிசம்பரில் மேயரும் மாநில கவர்னரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சிகாகோவின் பெரிய விமான நிலையமான ஓஹேரை விரிவாக்க மாநிலம் சம்மதிக்கும். பதிலுக்கு மெய்க்ஸ் 2026 வரை திறந்திருக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். ஜெயித்தாச்சு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் இந்த ஒப்பந்தத்தை உறுதியாக்க மத்திய அரசின் சட்டம் தேவைப்பட்டது. அது 2002-ல் செனட்டில் நிறைவேறவில்லை.

இங்கேதான் கவனிக்கணும். அமெரிக்காவில் ஒரு நிலையம் ஓடுதளத்துக்காக மத்திய அரசின் பணம் வாங்கினால், பொதுவாக 20 வருஷத்துக்கு அதை மூடக்கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. மெய்க்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடும் அப்போது இல்லை. முடிந்து போயிருந்தது. சட்டமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. மிச்சம் இருந்தது வெறும் வாக்கு.

2003 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நடுராத்திரி நேரத்தில் புல்டோசர்கள் போலீஸ் காவலோடு உள்ளே வந்தன. ஓடுதளத்தின் நடுவில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டன. (மேலே ஸ்கெட்ச் பேனாவால் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்க. விமானம் சரியாக வரவில்லை, மன்னிக்கவும்.) ஏன் பெருக்கல் குறி தெரியுமா? மேலிருந்து வரும் விமானிக்கு 'இந்த ஓடுதளம் மூடப்பட்டது' என்று காட்டும் அடையாளம் அதுதான். வழக்கமாகப் பெயிண்டில் போடுவார்கள். இவர்கள் பள்ளமாகவே போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் 16 விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. கிளம்ப ஓடுதளம் இல்லை. ஓடுதளத்துக்குப் போய்ச் சேர்வதற்காகப் பக்கத்தில் ஒரு பாதை இருக்கும். சில நாள் கழித்து அந்தப் பாதையிலேயே ஓடி எழும்பிப் போக அனுமதி கொடுத்தார்கள். பஸ் போகிற ரோட்டை வெட்டிவிட்டு, நடைபாதையில் பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போ என்று சொன்ன மாதிரி.

மேயர் சொன்ன காரணம் பாதுகாப்பு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, உயரக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் சின்ன விமானங்கள் பறப்பது ஆபத்து என்றார். முன்கூட்டியே சொல்லிச் செய்திருந்தால் தேவையில்லாத தகராறு வந்திருக்கும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். தகராறு வரும் என்று தெரிந்தால் அதைக் கேட்பதற்குத்தானே நகரசபை, சட்டமன்றம், கோர்ட்டு எல்லாம் வைத்திருக்கிறோம்? பூங்கா கேட்டது தப்பில்லை. ராத்திரியில் வந்தது தப்பு.

விதிப்படி 30 நாள் முன்னாடி மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கணும். கொடுக்கவில்லை. அபராதம் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 1,100 டாலர். 30 நாளைக்கு 33,000 டாலர். சட்டத்தில் இருந்ததே அவ்வளவுதான். சிகாகோ மாதிரி நகரத்துக்கு அது டீச் செலவு. நகரம் அதையும் எதிர்த்து இழுத்தடித்து 2006-ல்தான் கட்டியது. விமான நிலையங்களுக்கென்று இருந்த பணத்தை இடிப்பதற்கு எடுத்ததற்காக 10 லட்சம் டாலரைத் திருப்பியும் வைத்தது.

சங்கத்துக்காரர்கள் வழக்கும் போட்டார்கள். ஓடுதளம் திரும்பி வரவில்லை. இப்போது அங்கே பூங்கா இருக்கிறது, இசை நிகழ்ச்சிக்கு மேடை இருக்கிறது. ஜனங்கள் போய் நடக்கிறார்கள்.

ஆனால் சங்கத்தோடும் மற்ற விமானிகளோடும் சேர்ந்து எழுந்த சத்தத்தில் ஒன்று மட்டும் நடந்தது. 2003 டிசம்பரில் வந்த மத்திய சட்டத்தில், நோட்டீஸ் இல்லாமல் நிலையத்தை மூடினால் ஒரு நாள் அபராதம் 1,100-லிருந்து 10,000 டாலராக ஏறியது. அதை மெய்க்ஸ் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். மெய்க்ஸுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேறு ஊரில் ஒரு மேயர் புல்டோசர் சாவியைக் கையில் எடுக்கும்போது, இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு: புது அபராதப்படி 30 நாளைக்கு எவ்வளவு வரும்? பழையதை விட எத்தனை டாலர் அதிகம்? விடையைத் தாளில் எழுதி, பக்கத்தில் மாட்டியிருக்கும் பெட்டியில் போடுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி